இரண்டு நாளில் எழுந்த முறைமை: இலங்கையின் கொவிட் கண்காணிப்புக்குப் பின்னால் இருந்தவர்கள்

2020 ஜனவரி 27ஆம் திகதி இலங்கையின் முதலாவது கொவிட் தொற்றாளர் உறுதிசெய்யப்பட்டார். சீனாவிலிருந்து சுற்றுலா வந்த பெண் அவர். அந்தக் கிழமையே சுகாதார அமைச்சுக்கு ஒரு தேவை எழுந்தது. ஆபத்தான நாடுகளிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்குவோரைப் பதிய வேண்டும். அவர்கள் போய்த் தங்கும் பகுதியின் சுகாதாரக் குழுவுக்கு அந்தப் பதிவு போய்ச் சேர வேண்டும். 14 நாளும் அவர்களை விடாமல் விசாரிக்க வேண்டும். டிஎச்ஐஎஸ்2 (மாவட்டச் சுகாதாரத் தகவல் மென்பொருள்) என்ற திறந்த மூல மென்பொருளின் மேல் இதற்கான முதல் வடிவம் இரண்டு நாட்களில் தயாரானது. சில வாரங்களுக்குள் அந்த அனுபவம் அந்த மென்பொருளைப் பராமரிக்கும் நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் வழியாக மற்ற நாடுகளுக்கும் போனது.

இந்தக் கதையில் எல்லோரும் எடுத்துச் சொல்வது அந்த இரண்டு நாள் கணக்கைத்தான். ஆனால் மென்பொருள் அப்போதே 70 அளவிலான நாடுகளில் பாவனையில் இருந்தது. இறக்கி நிறுவ எவருக்கும் பணம் தேவையில்லை. கொழும்பில் கூடுதலாக இருந்தது ஒன்றுதான்: நோயையும் அமைச்சின் படிநிலையையும் மென்பொருளின் உள்ளமைப்பையும் ஒருசேர அறிந்த ஆட்கள், அமைச்சுக்கு உள்ளேயே சம்பளம் வாங்கிக்கொண்டு இருந்தார்கள். அந்த இரண்டு நாளுக்கு முன்னால் பத்து வருடத்துக்கும் மேலான ஆள் தயாரிப்பு இருக்கிறது. உலகளாவிய டிஜிட்டல் சுகாதாரக் குழு ஒன்றை அமைக்க நினைப்பவர்கள் படிக்க வேண்டியது அந்தப் பகுதியையே.

வேர்

டிஎச்ஐஎஸ் பிறந்தது தென்னாபிரிக்காவில். 1994இல் நிறவெறி ஆட்சி முடிந்தபோது அந்நாட்டின் சுகாதார நிர்வாகம் இனவாரியாகவும் பிரதேசவாரியாகவும் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு மாவட்டத்தில் எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது என்று கேட்டால், வெவ்வேறு படிவங்களில் வெவ்வேறு வரையறையோடு பதில் வரும். சுகாதாரத் தகவல் முறைமை வல்லுநர்களான யோர்ன் ப்ரோ, காலே ஹெட்பெர்க் ஆகியோரும் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களும் மேற்குக் கேப் பகுதியில் தொடங்கிய திட்டம் எச்ஐஎஸ்பி (சுகாதாரத் தகவல் முறைமைத் திட்டம்). அவர்கள் முதலில் செய்த வேலை மென்பொருள் எழுதுவது அல்ல, படிவங்களைக் குறைப்பது. அந்த இடத்தில் முடிவெடுக்கப் பயன்படாத தரவை அந்த இடத்தில் சேகரிக்க வேண்டாம் என்ற விதியோடு ஒரு குறைந்தபட்சத் தரவுத் தொகுதியை உருவாக்கினார்கள். அதற்குப் பிறகுதான் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் மேல் முதல் மென்பொருள் வந்தது. இணையவழியில் இயங்கும் இரண்டாம் பதிப்பு 2006இல் கேரளத்தில் முதன்முதலாகக் களத்துக்கு வந்தது.

அமைப்பின் வடிவம் இங்கே முக்கியம். ஒஸ்லோவில் மையக் குழு இருக்கிறது. இந்தியா, உகண்டா, தன்சானியா, வியட்நாம், இலங்கை என்று பல நாடுகளில் எச்ஐஎஸ்பி குழுக்கள் இருக்கின்றன. இவை ஒஸ்லோவின் கிளை அலுவலகங்கள் அல்ல, தத்தம் நாட்டில் வேரூன்றிய தனித்தனி அமைப்புகள். நாட்டுக் குழு அமைச்சோடு உட்கார்ந்து வடிவமைக்கிறது. மையக் குழு மென்பொருளின் அடித்தளத்தைக் கவனிக்கிறது. தலைமை அலுவலகத்தில் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டிய அமைப்பாக இருந்திருந்தால் 2020 ஜனவரியில் இரண்டு நாள் என்பது பேச்சுக்கே இடமில்லை.

வைத்தியரும் தகவலியலாளரும் ஒரே ஆள்

2009இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம், ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு, உயிர்மருத்துவத் தகவலியலில் முதுநிலைப் பட்டம் ஒன்றைத் தொடங்கியது. இதில் சேர்ந்தவர்கள் அரச சேவையில் இருந்த வைத்தியர்கள். தரவுத்தளம், நிரலாக்கத்தின் அடிப்படை, முறைமை வடிவமைப்பு, தொற்றுநோயியல் எல்லாம் படித்துவிட்டு அவர்கள் தனியார் கணினி நிறுவனங்களுக்குப் போகவில்லை. அமைச்சின் பிரிவுகளுக்கும் நோய்த்தடுப்புத் திட்டங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் திரும்பி வந்தார்கள். குடும்ப சுகாதாரப் பணியகத்தின் இனப்பெருக்கச் சுகாதாரத் தகவல் முறைமை போன்ற தேசிய முறைமைகள் டிஎச்ஐஎஸ்2 மேல் எழுந்தது இவர்கள் காலத்தில்தான்.

இந்த ஆட்களின் பெறுமதியைக் கூட்டத்துக்குள் பார்க்கலாம். தொற்றுநோயியல் பிரிவின் அதிகாரி, "நெருங்கிய தொடர்பாளர் என்று சந்தேகப்பட்டால் போதும், பதிவு வேண்டும்" என்கிறார். சாதாரண மென்பொருள் நிறுவனத்தின் பகுப்பாய்வாளர் அதைக் குறித்துக்கொண்டு போய், மறுநாள் மின்னஞ்சலில் மூன்று கேள்வி கேட்பார். வைத்தியத் தகவலியலாளர் அந்த இடத்திலேயே, "அப்படியானால் வரையறை மாறும்போது பழைய பதிவுகளை மீள வகைப்படுத்துவதா, இல்லை பதிந்த நாளின் வரையறையையே வைப்பதா?" என்று கேட்பார். கொவிட் காலத்தில் நோயாளி வரையறை திரும்பத் திரும்ப மாறியது. முதல் நாளிலேயே இந்தக் கேள்விக்கு இடம் வைத்த முறைமையும் வைக்காத முறைமையும் மூன்று மாதத்தில் வெகுதூரம் பிரிந்துவிடும்.

இன்னொன்று, யாருடைய கையொப்பம் தேவை என்பது இவர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் குழு இதைக் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆகும்.

அந்த இரண்டு நாளில் நடக்கும் வேலை

டிஎச்ஐஎஸ்2இல் தனிநபர்களைப் பின்தொடர உதவும் ட்ராக்கர் பகுதியில் புதிய முறைமை அமைக்க நிரல் எழுத வேண்டியதில்லை. எல்லாம் உள்ளமைப்பு, அதாவது திரையில் தெரிவு செய்து அமைப்பது. ஆனால் வரிசை தப்பினால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

முதலில் பின்தொடரப்படும் பொருள் எது என்று முடிவு செய்ய வேண்டும்: பயணியா, நோயாளியா, தொடர்பாளரா? மூன்றையும் வெவ்வேறு வகையாக வைத்தால், தொடர்பாளர் நோயாளியாகும் நாளில் அதே மனிதருக்கு இரண்டாவது பதிவு திறக்க நேரும். "நபர்" என்ற ஒரே வகை, அதன் மேல் பயணி, நோயாளி, தொடர்பாளர் என்ற தனித்தனித் திட்டங்கள் என்று அமைப்பதே சரி. பயணியாக வந்தவர் நோயாளியானால் அதே நபரை இன்னொரு திட்டத்தில் சேர்த்தால் போதும்.

அடுத்தது நபரின் பண்புகள்: கடவுச்சீட்டு எண், பெயர், பிறந்த திகதி, நாட்டுரிமை, தொலைபேசி, தங்கும் முகவரி. பிறகு கட்டங்கள். விமான நிலையப் பரிசோதனை ஒருமுறை மட்டும். நாளாந்தப் பின்தொடர்வு திரும்பத் திரும்ப வரும் கட்டம். முடிவு மறுபடி ஒருமுறை. காய்ச்சல் அளவு, இருமல், கடந்த 14 நாளில் சென்ற நாடுகள் போன்றவை கட்டத்துக்குள் வரும் தரவுக் கூறுகள். இவற்றைப் பண்பாக வைத்துவிடுவது புதிதாகச் செய்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. பண்புக்கு ஒரே மதிப்புத்தான் உண்டு. இன்றைய காய்ச்சலைப் பதிந்தால் நேற்றைய காய்ச்சல் போய்விடும்.

தெரிவுப் பட்டியல்கள், விதிகள், பயனர் உரிமைகள், குறிகாட்டிகள், முகப்புத் திரை ஆகியவை அதன் பின்னர். இந்தக் கடைசி இரண்டையும் முதல் நாளே காகிதத்தில் வரைந்துவிட வேண்டும். பணிப்பாளர் நாயகத்துக்குக் காலையில் எந்த எண் வேண்டும் என்று தெரிந்த பின்னர்தான் எந்தப் புலம் கட்டாயம், எது தேவையில்லை என்று சொல்ல முடியும். "பரிசோதனை செய்த நாளா, முடிவு வந்த நாளா, அறிவித்த நாளா" என்ற ஒன்றைத் தீர்க்காமல் விட்டால், மூன்று அலுவலகங்கள் ஒரே நாளுக்கு மூன்று எண்ணிக்கை சொல்லும்.

விமான நிலைய மேசை

ஒரு விமானத்தில் 200 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பதிவுக்கு இரண்டு நிமிடம் என்றால் 400 நிமிடம். ஐந்து மேசை போட்டாலும் ஒரு மணி இருபது நிமிடம் வரிசை நிற்கும். அதற்குள் அடுத்த விமானம் இறங்கிவிடும். வரிசை நீளும்போது பதிபவர் செய்யக்கூடியது ஒன்றே: கட்டாயமில்லாத எல்லாப் புலத்தையும் தாண்டுவது, கட்டாயமான புலத்தில் கைக்கு வந்ததை அடிப்பது. தொலைபேசி எண் புலத்தில் வரிசையாகச் சுழியங்கள் வந்தால் குற்றம் பதிபவர் மேல் இல்லை. படிவத்தை வடிவமைத்தவர் அந்த மேசையில் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இலங்கைக் குழு கண்ட தீர்வு, கடவுச்சீட்டு விவரத்தை இன்னொருமுறை தட்டச்சாமல் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் முறைமையிலிருந்தே எடுப்பது. பெயர், எண், பிறந்த திகதி, நாட்டுரிமை எல்லாம் அங்கே ஏற்கெனவே பதிவாகின்றன. சுகாதார மேசையில் நிரப்ப மிஞ்சுவது அறிகுறி, முகவரி, உள்ளூர்த் தொலைபேசி மட்டும். இதைச் செய்ய டிஎச்ஐஎஸ்2இன் இயல்பான வசதிகள் போதாமல் போனபோது உண்மையான நிரலாளர்கள் தேவைப்பட்டார்கள். அரச தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமும் தன்னார்வ நிரலாளர்களும் உள்ளே வந்தது இங்கேதான். தொற்றாளர்–தொடர்பாளர் வலையமைப்பைப் படமாகக் காட்டும் கருவியும் அப்படிப்பட்ட தன்னார்வ உழைப்பில் எழுந்தது.

தன்னார்வலர்களைப் பயன்படுத்துவதில் ஒரு கண்டிப்பு வேண்டும். அவர்களுக்கு உண்மையான நபர்களின் தரவைக் கொடுக்கக் கூடாது. அதே உள்ளமைப்போடு, கற்பனைப் பதிவுகள் நிரம்பிய சோதனைச் சேவையகம் ஒன்று முதல் நாளிலேயே தயாராக இருக்க வேண்டும். அதைத் தயார்செய்ய அரை நாள் போதும். தயார்செய்யாமல் விட்டால், "அவசரம்தானே" என்று யாரோ ஒருவர் உண்மைத் தரவு ஓடும் உற்பத்திச் சேவையகத்தின் கடவுச்சொல்லைப் பகிர்ந்துவிடுவார்.

சோதனைச் சேவையகத்திலும் ஒரு பொறி உண்டு. டிஎச்ஐஎஸ்2 ஒவ்வொரு பொருளுக்கும் 11 எழுத்து கொண்ட அடையாளக் குறியைத் தானே உருவாக்கும். ஒரே புலத்தைச் சோதனையில் ஒருவரும் உற்பத்தியில் இன்னொருவரும் தனித்தனியே கையால் உருவாக்கினால் பெயர் ஒன்றாகவும் குறி வேறாகவும் இருக்கும். அடுத்த ஏற்றுமதி–இறக்குமதியில் முரண்பாடு வெடிக்கும். உருவாக்குவது சோதனையில் மட்டும், உற்பத்திக்கு வருவது இறக்குமதியில் மட்டும் என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. இந்த ஒழுங்கை ஒரே ஆள் பொறுப்பேற்க வேண்டும். இரண்டு பேர் பொறுப்பு என்றால் எவரும் பொறுப்பில்லை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்

முழுச் சங்கிலியிலும் அதிகம் உழைப்பவரும், வடிவமைப்புக் கூட்டங்களுக்கு ஆகக் குறைவாக அழைக்கப்படுபவரும் இவர்தான். விமான நிலையத்தில் பதிவான பயணி மட்டக்களப்புக்கோ மாத்தறைக்கோ போய்ச் சேர்ந்தபின் அவரைத் தேடிப் போவதும் தொலைபேசியில் அழைப்பதும் இந்தப் பரிசோதகரின் வேலை.

கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு 1,000 பேர் பின்தொடர்வுக்கு வந்தால், 14 நாளில் எந்த நேரத்திலும் 14,000 பேர் பட்டியலில் இருப்பார்கள். நாட்டில் சுமார் 350 சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள். சராசரியாகப் பிரித்தால் ஒரு பிரிவுக்கு 40 பேர். ஒரு அழைப்பும் பதிவும் மூன்று நிமிடம் என்றால் நாளுக்கு இரண்டு மணி நேரம். ஆனால் பயணிகள் சராசரியாகப் பரவுவதில்லை. கொழும்பைச் சுற்றிய பிரிவுகளில் குவிவார்கள். அங்கே இதே வேலை ஒரு முழு நாளை விழுங்கும். ஆகவே நாளாந்தக் கட்டத்தில் இருபது கேள்வி வைப்பதும் இரண்டு கேள்வி வைப்பதும் வெறும் ரசனை வேறுபாடு அல்ல. தொடர்பு கொள்ள முடிந்ததா, அறிகுறி உண்டா என்ற இரண்டு போதும். அறிகுறி உண்டு என்றால் மட்டும் மற்றக் கேள்விகள் திறக்கும்படி விதி எழுதலாம்.

ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு ஆளை மாற்றுவதில்தான் அதிகச் சிக்கல். டிஎச்ஐஎஸ்2இல் ஒருவர் தரவு பதியக்கூடிய எல்லை வேறு, தேடக்கூடிய எல்லை வேறு. விமான நிலையப் பதிபவருக்கு நாடு முழுவதும் தேடும் உரிமை வேண்டும். பதியும் உரிமை விமான நிலையத்தில் மட்டும். பயணியின் பதிவுக்கான பொறுப்பை அவர் உரிய பிரிவுக்கு மாற்றினால் அந்தப் பிரிவின் வேலைப் பட்டியலில் பெயர் தோன்றும். மாற்றாமல் விட்டால் பதிவு விமான நிலையத்திலேயே தங்கிவிடும். யாருக்கும் பிழைச் செய்தி வராது, ஒரு மனிதர் மட்டும் பின்தொடரப்படாமல் போவார். இதைப் பிடிக்க ஒவ்வொரு காலையும் ஒரு பட்டியல் எடுக்க வேண்டும்: நேற்றுப் பதிவாகி, இன்னமும் விமான நிலையத்தின் பெயரிலேயே இருப்பவர்கள். பத்து நிமிட வேலை. இதற்கென ஒரு ஆளைப் பெயர் குறித்து நியமிக்காத இடத்தில் அது நடக்காது.

முகவரியிலிருந்து பிரிவைக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல. நிர்வாக மாவட்டங்கள் 25, பிராந்திய சுகாதாரப் பிரிவுகள் 26. அம்பாறை மாவட்டத்துக்குள் கல்முனை தனிப் பிராந்தியம். பயணி "அம்பாறை" என்று சொன்னால் அது எந்தப் பணிமனைக்குப் போக வேண்டும் என்று விமான நிலையத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் 14,000க்கு மேல். கிராமத்தின் பெயரைத் தெரிவு செய்தால் சுகாதாரப் பிரிவு தானாக வரும்படி ஒரு பொருத்த அட்டவணை இருந்தால் இந்தத் தடுமாற்றம் பெருமளவு குறையும். அந்த அட்டவணையைச் செய்யும் ஆள் நிரலாளராக இருக்க வேண்டியதில்லை. பிரதேசத்தைத் தெரிந்தவராக இருந்தால் போதும், பொறுமையும் வேண்டும். உலகளாவிய குழுக்களின் பெயர்ப்பட்டியலில் இவருக்கு ஒருபோதும் இடம் இருப்பதில்லை. முறைமை ஓடுவது இவரால்தான்.

அடையாள அட்டை எண்: சிறிய புலம், பெரிய தலைவலி

மார்ச் மாதம் உள்ளூர்த் தொற்று தொடங்கி விமான நிலையமும் மூடப்பட்டபின், பதிவின் முதன்மைச் சாவி கடவுச்சீட்டிலிருந்து தேசிய அடையாள அட்டைக்கு மாறியது. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இரட்டைப் பதிவுகள் பிறக்கும் இடம் இது.

பழைய எண்ணில் ஒன்பது இலக்கமும் இறுதியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும் உண்டு. 2016இல் வந்த புதிய எண் பன்னிரண்டு இலக்கம். கற்பனை எண் ஒன்றை எடுப்போம்: 865501234வி. முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, 1986. அடுத்த மூன்று, 550, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு 500 கூட்டப்படும். ஆகவே இவர் ஐம்பதாவது நாளில், அதாவது பெப்ரவரி 19இல் பிறந்த பெண். புதிய வடிவில் முன்னால் 19 சேரும், நாளுக்குப் பிறகு ஒரு சுழியம் நுழையும், எழுத்து போய்விடும்: 198655001234. பழைய எண்ணைப் புதியதாக மாற்றுவது இப்படி இயந்திரத்தனமான வேலை. ஆனாலும் மாற்றாமல் இரண்டையும் அப்படியே ஏற்றுக்கொண்டால், பரிசோதனைக்குப் பழைய அட்டையோடும் தடுப்பூசிக்குப் புதிய அட்டையோடும் வந்த ஒரே பெண் இரண்டு பேராகிவிடுவார். உள்ளிடும்போதே பழையதைப் புதியதாக மாற்றிச் சேமிப்பது ஒன்றே வழி. எழுத்தைச் சிறியதாகவும் பெரியதாகவும் அடிப்பது, நடுவில் இடைவெளி விடுவது போன்றவற்றையும் அதே விதியில் துடைத்துவிடலாம்.

எண்ணிலிருந்து பிறந்த திகதியைக் கணித்துச் சரிபார்க்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்டையில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். மார்ச் 1 எந்த ஆண்டிலும் 61ஆவது நாள். கணினியின் இயல்பான நாட்கணிப்பைப் பயன்படுத்தினால், நெட்டாண்டு அல்லாத வருடங்களில் மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்த அனைவருக்கும் ஒரு நாள் பிசகும். சரிபார்ப்பு விதி சரியான அட்டைகளைப் பிழை என்று நிராகரிக்கும். பதிபவர்கள் விதியைக் கடக்கப் பொய்யான பிறந்த திகதி கொடுக்கத் தொடங்குவார்கள்.

அடையாள அட்டையைக் கட்டாயமாகவும் தனித்துவமாகவும் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். சிறுவர்களுக்கு அட்டை இல்லை, வெளிநாட்டவருக்கு இல்லை, மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டவர் தன் எண்ணைச் சொல்ல முடியாது. புலம் தடுத்தால் பதிபவர் தாயின் எண்ணைப் பிள்ளைக்குக் கொடுப்பார். சரியான அமைப்பு: இருந்தால் தனித்துவம், இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று ஒரு தெரிவு. பெயரை நம்பவே கூடாது. ஆங்கில எழுத்தில் சுப்பிரமணியம் என்ற ஒரு பெயரையே எத்தனையோ விதமாக எழுதுகிறோம். தமிழரின் முதலெழுத்து ஒரு பதிவில் முன்னால் வரும், இன்னொன்றில் தந்தையின் முழுப்பெயராக விரியும், மூன்றாவதில் காணாமல் போகும். சிங்களப் பெயர்களில் "கே" என்று முடியும் நீண்ட குடும்பப்பெயரைச் சிலர் முழுதாக எழுதுவார்கள், சிலர் எழுத்துகளாகச் சுருக்குவார்கள். பெயர் மனிதர் கண்ணால் உறுதிசெய்ய மட்டும். பொருத்துவது எண், பிறந்த திகதி, தொலைபேசி மூன்றையும் வைத்து.

சேவையகத்தைக் காப்பவர்

இவரைப் பற்றிச் சுருக்கமாக. டிஎச்ஐஎஸ்2 ஜாவாவில் எழுதப்பட்டது, டாம்கேட் என்ற சேவையக மென்பொருள் மேல் ஓடும், தரவு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில். பதிவுகள் ஓர் இடத்தில் சேரும். முகப்பு வரைபடங்கள் அதிலிருந்து கணிக்கப்பட்ட பகுப்பாய்வு அட்டவணைகளைப் படிக்கும். அந்த அட்டவணைகள் இரவில் ஒருமுறை மட்டும் புதுப்பிக்கப்பட்டால், பகலில் பதிந்த நோயாளி மறுநாள்தான் வரைபடத்தில் தெரிவார். பணிப்பாளர் "நான் பதியச் சொன்னது எங்கே?" என்று கேட்கும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பங்கு இதனால்தான் வரும். அடிக்கடி புதுப்பித்தால் பதிவு வேகம் சரியும். அண்மைய பதிவுகளை மட்டும் தொடர்ச்சியாகச் சேர்த்து, முழுக் கணிப்பை நள்ளிரவுக்கு வைப்பது நல்ல சமரசம். முகப்பில் "கடைசியாகப் புதுப்பித்த நேரம்" என்று ஒரு வரி போட்டாலே அழைப்புகள் குறையும்.

ஒஸ்லோ செய்தது

இலங்கையில் ஓடிய வடிவமைப்பை அப்படியே வேறு நாட்டில் ஏற்ற முடியாது. அதைப் பொதுமைப்படுத்துவது தனித் திறமை. அடையாள அட்டை விதி, சுகாதாரப் பிரிவுகளின் படிநிலை, உள்ளூர்த் தெரிவுப் பட்டியல்கள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். உலக சுகாதார அமைப்பின் நோயாளி வரையறைகளைப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு தெரிவுக்கும் மொழிசாராத குறியீடு வைக்க வேண்டும், அப்போதுதான் பிரெஞ்சிலும் போர்த்துக்கீசத்திலும் மொழிபெயர்த்த பின்னும் விதிகள் உடையாது. மையக் குழு இதைச் செய்து நோயாளிக் கண்காணிப்பு, தொடர்பாளர் பின்தொடர்வு, நுழைவாயில் பரிசோதனை என்று தனித்தனிப் பொதிகளாக வெளியிட்டது. மற்ற நாடுகளின் எச்ஐஎஸ்பி குழுக்கள் அவற்றை எடுத்துத் தம் அமைச்சுகளுக்கு ஏற்ப மாற்றின. உகண்டாவில் நாட்டெல்லையைக் கடக்கும் லொறிச் சாரதிகளே பெரிய கவலை. அங்கே விமான நிலைய மேசை எல்லைச் சாவடியானது. நோர்வேயின் நகராட்சிகளும் தொடர்பாளர் தேடலுக்கு இதே மென்பொருளையே எடுத்தன. பணக்கார நாட்டில் உருவாகி ஏழை நாட்டுக்கு இறங்கும் வழக்கமான திசைக்கு எதிராகப் போன அறிவு இது. அதைச் சாதித்தவர்கள் அரச சேவை வைத்தியர்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

தடுப்பூசிக்கு மாறியபோது

2021 ஜனவரி 29இல் தடுப்பூசி தொடங்கியது. அதற்கு முன்பே அதே ஆட்கள் அதிதீவிர சிகிச்சைப் படுக்கைகளைக் கணக்கெடுக்கும் முறைமையையும் செய்திருந்தார்கள். தடுப்பூசிப் பதிவேடும் டிஎச்ஐஎஸ்2 மேலேயே எழுந்தது. டிஜிட்டல் சான்றிதழுக்கு இந்தியாவில் உருவான டைவாக் என்ற திறந்த மூல மென்பொருளோடு இணைக்கப்பட்டது.

பார்வைக்கு இது சிறிய நீட்சி. உள்ளே வேலையின் தன்மையே வேறு. கண்காணிப்பில் ஒரு பதிவு பிழையானால் தொற்றுநோயியலாளர் மட்டும் அறிவார். சான்றிதழில் பெயர் ஒரு எழுத்துப் பிசகினால் அந்த மனிதர் விமானமேற முடியாமல் நிற்பார். ஆகவே தடுப்பூசி நிலையத்தில் பதிபவருக்கு அடுத்ததாகத் திருத்தக் கோரிக்கைகளைப் பார்ப்பவர் என்ற புதிய பாத்திரம் தேவைப்படுகிறது. காகித அட்டையைப் பார்த்துப் பிறகு கணினியில் ஏற்றும் இடங்களில் இந்த வேலை பெருகும். ஊசித் தொகுதி எண்ணைக் கையால் அடிக்க விடாமல், அன்று அந்த நிலையத்துக்கு வந்த தொகுதிகளை மட்டும் தெரிவுப் பட்டியலில் காட்டினால் ஒரு பெரும் வகைப் பிழை ஒழிந்துவிடும். முதல் ஊசியைப் பதியாமல் இரண்டாவதை மட்டும் பதிந்தவர்களின் பட்டியலை நாள்தோறும் எடுப்பது இன்னொன்று.

ஆள் மாறும்போது

அரச வைத்தியர்களுக்கு வருடாந்த இடமாற்றம் உண்டு. முறைமை ஒருவருடைய தலையில் மட்டும் இருந்தால் இடமாற்றக் கடிதத்தோடு முறைமையும் போய்விடும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டாவது ஆள் ஒருவர் முதல் மாதத்திலிருந்தே கூட இருக்க வேண்டும். உள்ளமைப்பை மாற்றுபவர், சேவையகத்தைக் காப்பவர், தரவுத் தரத்தைப் பார்ப்பவர், களப் பயிற்சியாளர், அமைச்சில் முடிவெடுப்பவர் என்று ஐந்து பாத்திரங்கள் என்றால் பத்துப் பெயர்கள். பத்துச் சம்பளம் என்று அர்த்தமில்லை. ஒருவர் இரண்டு பாத்திரத்துக்கு மாற்றாளாக இருக்கலாம். ஆனால் உள்ளமைப்பை மாற்றுபவரும் சேவையகத்தைக் காப்பவரும் ஒருவருக்கொருவர் மாற்றாளாக இருக்கக் கூடாது. இருவரும் ஒரே நேரத்தில் ஓடவேண்டிய இரவுகள்தான் அதிகம்.

கைமாற்றும்போது கொடுக்க வேண்டியவை: உள்ளமைப்பின் முழு ஏற்றுமதிக் கோப்பு, ஒவ்வொரு புலமும் ஏன் வைக்கப்பட்டது, யார் கேட்டார்கள் என்று சொல்லும் தரவு அகராதி, எல்லா உயர்நிலைப் பயனர்களின் பட்டியல், தளப்பெயர், பாதுகாப்புச் சான்றிதழ் ஆகியவை காலாவதியாகும் திகதிகள், கடைசிக் காப்புப் பிரதி. இந்தக் கடைசியைக் கோப்பாக வாங்கிக்கொண்டு கையொப்பமிடக் கூடாது. புதியவர் அதை வெறும் சேவையகம் ஒன்றில் தானே ஏற்றி, உள்நுழைந்து, நேற்றைய மொத்த எண்ணிக்கை உற்பத்திச் சேவையகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும். பழையவர் பக்கத்தில் இருக்கலாம், விசைப்பலகையைத் தொடக் கூடாது.